பதினாலாம் நாள்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் என் தங்கச்சிக்கு வைத்த பிளக்ஸைப் பார்க்க ஒரே வாரத்தில் மூன்று தடவை டவுன் பஸ் ஏறினேன். முதல் தடவை அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொன்னேன். இரண்டாவது தடவை ரேஷன் கார்டில் திருத்தம் என்றேன். மூன்றாவது தடவை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ். ஏறி உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

'மூளையின் முடிச்சவிழ்த்த குரும்பலூர்க் கொழுந்தே வருக வருக' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. அதற்குக் கீழே பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் சங்கத்தார் முப்பத்திரண்டு பேர் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் கண்ணில் கூலிங் கிளாஸ். என் தங்கச்சி சத்யப்பிரியா அவர்களுக்கு நடுவில் பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு இருந்தாள். சங்கத்தின் செயலாளர் மணிவண்ணன், சத்யாவோடு பத்தாவது வரை ஒன்றாகப் படித்தவன், இப்போது உரக்கடை வைத்திருக்கிறான். கடைக்கே போய்க் கேட்டேன்.

"யாருக்குப்பா பாராட்டு விழா? அவளுக்கா, உங்க கண்ணாடிக்கா?"

"சின்னதா போட்டா சங்கத்து ஆளுங்க கோவிச்சுக்குவாங்கக்கா. சத்யான்னா கோவிச்சுக்காது."

"நான் கோவிச்சுக்குவேன்" என்றேன். ஆனால் கோபம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பெயர் தேவயானி. குரும்பலூரில் ஓர் அங்கன்வாடியில் ஆயா. பத்தாவதில் கணக்கில் பதினெட்டு மார்க் எடுத்து, அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். சத்யா எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் அப்பா பாவாடையும் அம்மா குஞ்சம்மாளும் அடுத்தவர் காட்டில் களை வெட்டி, வெங்காயம் பிடுங்கி எங்களை வளர்த்தார்கள். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி பெங்களூரில் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, தாய் வயிற்றுக்குள் மூளை எப்படி உருவாகிறது என்று பார்க்கிறாள். நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்து அலைந்தால்தான் என்ன.

அவள் வேலை என்ன என்பதை ஒரு பொங்கல் லீவில் புழக்கடை அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று எனக்கு விளக்கினாள். மூளைக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம். பெருமூளைப் புறணி என்று பெயர். யோசிப்பது, பேசுவது, கணக்குப் போடுவது எல்லாம் அங்கேதான். அதில் ஆறு அடுக்கு. ஆனால் அங்கே குடியிருக்கும் செல்கள் பெரும்பாலும் அங்கே பிறந்தவை அல்ல. அடியில், ஆழத்தில் பிறந்து, குச்சியைப் பிடித்து ஏறும் அவரைக்கொடி மாதிரி நீளமான நார்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருகின்றன.

"இதுல வேடிக்கை என்னான்னா, மொதல்ல பொறந்தது அடியிலயே தங்கிடும். பின்னால பொறந்தது அதைத் தாண்டிக்கிட்டு மேல போயி ஒக்காரும். கடைசியா பொறந்தது உச்சியில."

"நம்ம வூட்டுக் கதைதான்" என்றேன். "நான் அடியில, நீ உச்சியில."

அவள் சிரிக்கவில்லை. "அடியில இருந்தா எளப்பமாக்கா? அங்கேருந்துதான் முதுகுத்தண்டு வரைக்கும் கம்பி போவுது. அது இல்லாட்டி கையி காலு நம்ம சொன்னபடி அசையாது."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தச் செல் எந்த நாளில் பிறந்தது என்று கண்டுபிடிக்கவும் அவர்களிடம் வழி இருந்தது. சினை எலிக்குக் குறித்த நாளில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அன்றைக்குப் பிறக்கும் செல்கள் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். குட்டி வளர்ந்த பிறகு மூளையை மெல்லிசாகச் சீவிப் பார்த்தால் அந்தச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். ஆட்டுக்காரர்கள் இன்ன ஈற்றுக் குட்டிக்கு இன்ன சாயம் என்று பூசி விடுவதில்லையா, அந்த வேலைதான். எலிக்குச் சினை மொத்தமே இருபது நாள் என்பதால், அதில் ஒரு நாள் தப்பினால் ஓர் அடுக்கே மாறிப்போகும் என்று சொன்னாள். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

சத்யா கேட்ட கேள்வி இதுதான்: தாய் அரைப்பட்டினி கிடந்தால் இந்தச் செல்கள் ஒழுங்காக மேலே ஏறுமா? ஒரு கூட்டம் எலிக்கு நல்ல தீனி, இன்னொரு கூட்டத்துக்குச் சத்துக் குறைந்த தீனி. இரண்டுக்கும் பதினாலாம் நாள் ஊசி. நல்ல தீனி தின்ற எலியின் குட்டிகளில் பச்சைச் செல்கள் மேலடுக்கில் இருந்தன. அரைப்பட்டினி எலியின் குட்டிகளில் அவை கீழேயே நின்றுவிட்டன. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கட்டுரையை அடுத்த மாதம் போடுவதாக எழுதிவிட்டது. அவள் நிலையத்தில் அவளுக்கு விருது கொடுத்தார்கள். நம்மூர்ப் பேப்பரிலும் வந்தது: 'பட்டினித் தாயின் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி பின்தங்கும் - பெரம்பலூர் பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு.'

அதை வெட்டி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டினேன். சத்துமாவு வாங்க வரும் மாசமான பெண்களை அதன் முன்னால் நிறுத்தி, "எங்க தங்கச்சி கண்டுபுடிச்சது, ஒழுங்கா தின்னுங்கடி" என்று மிரட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உன்னைச் சுமந்தப்ப மழை இல்லாத வருசம். ஒருவேளைக் கஞ்சிதான். சில நாளு அதுவும் இல்ல."

"அதுக்கு இப்ப என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. சின்னவள் வயிற்றில் இருந்தபோது அப்பா பெரம்பலூரில் லோடுமேன் ஆகிவிட்டார், மூன்று வேளையும் உலை கொதித்தது. அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். என்னுடைய பதினெட்டு மார்க்குக்கு அவள் வயிறு காய்ந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் எனக்கு ஒரு முட்டை அவித்து வைத்தாள். நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு முட்டை. வேண்டாம் என்றால் கண் கலங்கினாள், அதனால் தின்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பேப்பர் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் குத்தல். படிப்பு ஏறாமல் போனது என் சோம்பேறித்தனத்தால் இல்லை என்று நிம்மதி. அப்படியென்றால் பிறக்கும்போதே நான் குறையோடு பிறந்தவளா என்று குத்தல். தங்கச்சியிடம் இதைக் கேட்கவில்லை. அவள் விருது வாங்கும் நேரத்தில் போய், 'என் மூளை அரை வேக்காடா?' என்றா கேட்பது.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையையும் சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்தது இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி ஒன்பதாம் தேதி. சத்யா ஓடி வந்தாள், பால் தெளித்து முடித்ததும் எலிகளைப் பார்க்க ஆள் இல்லை என்று திரும்பிப் போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன் என்றாள். இறந்த நாளே முதல் நாள் என்பது நம் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி எண்ணினால் காரியம் இருபத்துநாலாம் தேதி. அவளோ இறந்த நாளைப் பூஜ்யம் என்று வைத்து, இருபத்தைந்தாம் தேதி வந்து சேருகிற மாதிரி பஸ்ஸுக்குப் பதிவு செய்திருந்தாள். காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போனில் பேசும்போதுதான் தெரிந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஆத்தூரில் மாறி, காரியத்தன்று உச்சிவெயிலில் வந்து இறங்கினாள். பங்காளிகள் எல்லோரும் அவளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். நான் அத்தனை பேருக்கும் முன்னால் வெடித்தேன்.

"செத்த அன்னைக்கே ஒண்ணு. பதினாறு எண்ணத் தெரியாதவ, நீ என்னாடி ஆராய்ச்சி பண்ணுறே?"

அவள் முகம் சுண்டிப் போயிற்று. பெற்ற தகப்பனுக்கு நாள் தப்பாக எண்ணியது அவளை எவ்வளவு உறுத்தும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது.

பாராட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துறையூர் ரோட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில். அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் சத்யா வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறார், அன்று லோடு இருந்தது. நேராக மண்டபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா இட்லியைத் தின்றுவிட்டுத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க டவுனுக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில்.

சத்யா பையிலிருந்து சுருட்டி வைத்த இரண்டு காலண்டர் தாள்களை எடுத்துத் தரையில் விரித்தாள். மணிவண்ணனின் உரக்கடை மாதக் காலண்டர். வருஷா வருஷம் நான்தான் அவளுக்கு ஒன்று அனுப்பி வைப்பேன்.

"லேப்ல இதைத்தான்க்கா மாட்டி வச்சிருந்தேன். எலி கணக்கெல்லாம் இதுலதான். இதை இன்னிக்கு ஸ்கிரீன்ல காட்டப் போறேன். மணி குளுந்துடுவான்."

ஒரு தாள் நவம்பர், நல்ல தீனி எலிகள். இன்னொன்று அதற்கடுத்த பிப்ரவரி, அரைப்பட்டினி எலிகள். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்திருக்க வேண்டுமாம். தீனி மூட்டை வரத் தாமதம், நடுவில் அப்பா போய்விட்டார், அதனால் தள்ளிப்போயிற்று என்றாள். பெண் எலி ஆண் எலியோடு சேர்ந்த நாளுக்கு ஒரு வட்டம், ஊசி போட்ட நாளுக்குச் சிவப்பில் ஒரு முக்கோணம். நடுவில் இருக்கும் கட்டங்களில் பொடிப்பொடியாக எண்கள்.

நான் குனிந்து பார்த்தேன். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைசியாகத் தலைக்கு ஊற்றிய நாளை மாசமான பெண் சொன்னால், காலண்டரில் விரல் வைத்துப் பிரசவ நாளைச் சொல்லிவிடுவேன். நர்சம்மா கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வதற்கும் எனக்கும் எப்போதும் ஒரு நாள் இடிக்கும். அவர் தொடங்கும் நாளைப் பூஜ்யம் என்பார், நான் ஒன்று என்பேன். எத்தனையோ தடவை இதற்குச் சண்டை போட்டிருக்கிறோம். அதனால் காலண்டரைக் கண்டால் என் விரல் முதலில் போய் நிற்பது தொடங்கிய நாளில்தான்.

நவம்பரில் மூன்றாம் தேதியில் வட்டம். அதற்குள் 0. பதினேழாம் தேதியில் 14, சிவப்பு முக்கோணம். பிப்ரவரியில் ஆறாம் தேதியில் வட்டம். அதற்குள் 1. பத்தொன்பதாம் தேதியில் 14, சிவப்பு முக்கோணம்.

"என்னாடி இது? அந்த எலிக்குப் பூஜ்யம் போட்டிருக்கே, இந்த எலிக்கு ஒண்ணு போட்டிருக்கே."

"எங்க?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

"இதுல பதினாலு நாளு முழுசா போயிருக்கு. இதுல பதிமூணுதான் போயிருக்கு. ஒரு நாளு குறையுது."

அவள் விரலால் ஒரு தடவை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். பிப்ரவரித் தாளில் மற்ற வட்டங்களையும் பார்த்தாள். பதினோரு வட்டம், பதினொன்றிலும் 1. அப்புறம் ஏழாம் தேதிக் கட்டத்தின் மூலையில் விரலை வைத்தாள். அங்கே பென்சிலில் 'அப்பா 30' என்று எழுதியிருந்தது. அப்பாவின் முப்பதாம் நாள். இறந்த அன்றைக்கே ஒன்று என்று வைத்து, நான் திட்டினபடி சரியாக எண்ணியிருந்தாள். அதே எண்ணிக்கையில் எலிகளையும் எண்ணியிருந்தாள்.

"குட்டி எப்ப போட்டுச்சு?" என்று கேட்டேன்.

"நல்ல தீனி எலி பத்தொன்பதாம் நாளு. பட்டினி எலி இருபதாம் நாளு." மறுபடியும் பிப்ரவரி வட்டத்தைத் தொட்டாள். "பசியாலதான் பேறும் ஒரு நாளு தள்ளிப்போச்சுன்னு அதையும் கட்டுரையில எழுதியிருக்கேன்க்கா."

எனக்கே புரிந்துவிட்டது. பேறு தள்ளிப்போகவில்லை, எண்ணினதில்தான் ஒன்று கூடியிருக்கிறது. ஊசியே ஒரு நாள் முந்திப் போட்டிருக்கிறது. ஒரு நாள் முந்திப் பிறந்த செல்கள் கீழடுக்கில்தான் இருக்கும். அவை ஏற முடியாமல் நிற்கவில்லை, அவற்றின் இடமே அதுதான்.

சத்யா லேப்பில் இருக்கும் சுவாதி என்ற பெண்ணுக்குப் போன் போட்டு, எலிக்கூண்டு ரிஜிஸ்டரில் தேதிகளைப் பார்க்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பதினோரு எலிக்கும் பதிமூன்றாம் நாளில்தான் ஊசி. சத்யா போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்று வருட உழைப்பு இரண்டு காலண்டர் தாளுக்கு நடுவில் கிடந்தது.

"நான் அன்னிக்குத் திட்டினதாலதானே" என்றேன்.

"நீ திட்டினது சரிதான். வூட்டு எண்ணிக்கைக்கு அன்னைக்கு ஒண்ணு. லேப் எண்ணிக்கைக்கு அன்னைக்குப் பூஜ்யம். ரெண்டும் சரி. நான் ரெண்டையும் கலந்ததுதான் தப்பு." தாளைச் சுருட்டத் தொடங்கினாள். "சாயங்காலம் மேடையில சொல்லிடறேன்."

எனக்கு வந்ததே கோபம். தப்பு செய்தவள் அவள், திட்டி அதற்குக் காரணமானவள் நான், இரண்டுக்கும் சேர்த்து அவளைத்தான் பிடித்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளு வாயை மூடிக்கிட்டு இருடி. பொன்னாடையை வாங்கிக்க. நாளைக்கு பெங்களூர் போயி எழுதிப் போடு, யாரு வேணாங்குறா. அது என்னா மண்டபம் தெரியுமா? நீ கைப்புள்ளையா இருந்தப்ப அம்மா அங்க எச்செலை எடுத்திருக்கா. நம்மள அந்த மேடையில ஏத்த எத்தனை காலம் ஆச்சு. ஏறி நின்னு, எனக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லப் போறியா? ஊரு சிரிக்காது?"

"பொன்னாடை அந்தக் கண்டுபுடிப்புக்குத்தானே போடறாங்க. அது இல்லேன்னு எனக்கு இப்ப தெரியும். தெரிஞ்சே வாங்கினா திருட்டுக்கா."

"நாளைக்குச் சொன்னாலும் அதே உண்மைதானே?"

"நாளைக்குச் சொன்னா, இன்னிக்குச் சொன்னது பொய்யாயிடும்."

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அங்கிருந்தே பார்த்தேன். அவள் தன் புரொபசருக்குப் போன் செய்து இங்கிலீஷில் பேசினாள். குரல் ஒரு தடவை உடைந்தது, அப்புறம் சரியாயிற்று. பிறகு போனிலேயே அந்தப் பத்திரிகைக்கு, கட்டுரையை நிறுத்துங்கள் என்று எழுதி அனுப்பினாள். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாத்திரம் உருட்டுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானம் அவளுக்குச் சோறு போட்டேன்.

மண்டபத்தில் முந்நூறு பேராவது இருப்பார்கள். முன்வரிசையில் புது ரவிக்கையோடு அம்மா. அவளிடம் எதையும் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் மூளையைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள், அது சீக்கிரம் முடிந்துவிட்டதால் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். மணிவண்ணன் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்தபோது சத்யா கையைக் காட்டி நிறுத்தி மைக்கை வாங்கினாள்.

இரண்டு தாள்களையும் திரையில் காட்டினாள். செல் ஏறும் கதையைச் சொன்னாள், பட்டினி எலிகளைச் சொன்னாள், பேப்பரில் வந்ததைச் சொன்னாள். பிறகு சுட்டிக் காட்டி, "இங்க ஒண்ணுன்னு போட்டிருக்கேன், பூஜ்யம்னு போட்டிருக்கணும். இந்த ஒரு நாளால என் முடிவு நிக்காது. கட்டுரையை இன்னிக்குக் காலையில திருப்பி வாங்கிட்டேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

பின்னால் யாரோ, "அப்ப இதுக்கா கூப்புட்டோம்?" என்றார். எனக்கு அந்த ஆளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்குள் சத்யா தொடர்ந்தாள்.

"இதைக் கண்டுபுடிச்சது நான் இல்லைங்க. எங்க லேப்ல ஆறு பேரு இதைப் பார்த்தாங்க. வெளிநாட்டுல மூணு பேரு கட்டுரையைப் படிச்சு சரின்னாங்க. நானே நூறு தடவை பார்த்திருக்கேன். யாரு கண்ணுலயும் படல. இன்னிக்குக் காலையில எங்க அக்கா தேவயானி தரையில உக்காந்து விரலை வச்சு எண்ணிக் கண்டுபுடிச்சாங்க. அவங்க இல்லேன்னா ஒரு தப்பான விசயத்தை உலகமெல்லாம் உண்மைன்னு நம்பியிருக்கும்."

முந்நூறு தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சேலைத் தலைப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கணக்கில் பதினெட்டு மார்க் எடுத்தவளை மைக்கில் பேர் சொல்லிக் கணக்குக்காகப் பாராட்டினால் அவள் என்னதான் செய்வாள்.

அப்போது முன்வரிசையில் அம்மா எழுந்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும். வெங்காயக் காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"சின்னவளே, நீ எழுதினது தப்புன்னா, பெரியவளுக்கு ஒரு கொறையும் இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சத்யாவுக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியது. தினமும் எனக்கு முட்டை அவிப்பதைப் போனில் நான் அவளிடம் கேலியாகச் சொல்லியிருந்தேன். மேடையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவள் பொய் சொல்லவில்லை.

"பட்டினி மூளையைக் கெடுக்குமா, எவ்வளவு கெடுக்கும்னு என் எலிய வச்சு நான் சொல்ல முடியாதும்மா. திரும்ப மொதல்லேருந்து பார்க்கணும். ஆனா அக்காவுக்குக் கொறைன்னு நான் எங்கயும் கண்டுபுடிக்கல. படிச்சவங்க பத்து பேரு பார்க்காததை அவங்க பார்த்தாங்க. அதுக்கு நீயே பதிலு சொல்லிக்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளாக என்னைப் பார்க்கும்போது அவள் முகத்தில் இருந்த ஒன்று அப்போது இல்லை. உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். என் வீட்டுக்காரர் சிமெண்டு படிந்த சட்டையோடு பின்வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நான்கு ரோட்டில் மூன்று தடவை போய்ப் பார்த்த பெருமை இதற்கு முன்னால் காலணாவுக்குப் பெறாது. விருது வாங்கியவளை ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். மாலை போட வந்த கையைப் பிடித்து நிறுத்தித் தன் தப்பைச் சொன்னவளை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அவள் பாவாடையின் மகள், என் தங்கச்சி.

மணிவண்ணன் பொன்னாடையைப் பிடித்தபடி விழித்தான். "பிரிச்சுட்டேனே சத்யா" என்றான் மைக்கில்.

"மடிச்சு வையி மணி. சரியா எண்ணி முடிச்சப்பறம் வந்து வாங்கிக்கறேன்."

அது இன்றைக்கும் அவன் உரக்கடை அலமாரியில் கவரோடு இருக்கிறது. போகும்போதெல்லாம் நான் பார்த்துவிட்டு வருவேன்.

மறுநாள் காலையில் அங்கன்வாடிக்குக் கிளம்பினேன். இட்லி இருந்தது, சட்னி இருந்தது, முட்டையைக் காணோம்.

"முட்டை எங்கம்மா?"

"உனக்கு எதுக்கு? அதான் மூளை நல்லாருக்கே" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

சுவரில் ஒட்டியிருந்த பேப்பரை அன்றே கிழித்தேன். மாசமான பெண்களிடம், "அது தப்பாப் போச்சு. ஆனா பசிச்சா தின்னணும்னு சொல்ல எலி வேணாம், தின்னுங்கடி" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சத்துமாவு வாங்கிப் போனார்கள்.

இந்த வருடம் சத்யா எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு கூட்டம் எலியும் ஒரே மாதத்தில். உரக்கடைக் காலண்டர் அவள் லேப்பில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. எலி சேர்ந்த அன்று அவள் போன் செய்ய, நான் அந்தத் தேதியில் வட்டம் போட்டு உள்ளே பூஜ்யம் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, "அன்னைக்கு ஒண்ணுடி" என்றாள். "அது நம்ம வூட்டுக்கு. இது அவ லேப்புக்கு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பதினாலு நாள் முழுசாகப் போனது ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கே போன் போட்டேன்.

"சத்யா, விரலை வச்சு எண்ணிட்டேன். இன்னிக்குப் பதினாலு. ஊசியைப் போடு."